தலை ஆட்டாத நாய்

1

அடிலெய்டில் எங்கள் வீட்டில் வைத்தியம் முதலில் நாய்க்கு, அப்புறம்தான் எனக்கு. ஊரில் இருப்பவர்கள் இதை மிகை என்று நினைக்க வேண்டாம். என் வலது முழங்காலைப் பெரிய டாக்டரிடம் காட்ட அரசு மருத்துவமனையில் பெயர் பதிந்து வைத்திருக்கிறேன். இதுவரை நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் இன்னும் வரிசையில்தான் நிற்கிறேன் என்பதை நான்கும் வெவ்வேறு வார்த்தைகளில் மரியாதையாகத் தெரிவிக்கின்றன. ஆனால் எங்கள் நாய் பெப்பர் முன்னங்காலைச் சற்றுக் குறுக்கி வைத்த அன்றே அதற்கு டாக்டர், எக்ஸ்ரே, மறுநாள் பிசியோதெரபி எல்லாம் நடந்தது. நாய்க்குக் காப்பீடு இருக்கிறது என்றாள் என் மகள் ஸ்டெல்லா. அவள் நர்ஸ். என் வரிசை எப்போது நகரும் என்று கேட்டால் அவளும் அந்தக் கடிதம் மாதிரியே பேசுகிறாள்.

பெப்பர் போட்டி நாய். கட்டையைத் தாண்ட வேண்டும், துணிக் குழாய்க்குள் புகுந்து வெளியே வர வேண்டும், வரிசையாக நட்ட பன்னிரண்டு கம்புகளுக்கு நடுவே பாம்பு மாதிரி நெளிந்து போக வேண்டும். பேத்தி ஜெனி கூடவே ஓடிக் கை காட்டுவாள். அவளுக்குப் பதினாறு வயது. போன வருடம் மாநிலப் போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பெப்பருக்குத் தோளில் தசை பிசகிவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாய் தின்றது, குரைத்தது, பந்தைக் கவ்வி வந்தது. ஜெனிதான், "நடக்கும்போது தலை ஆட்டுறாங்க தாத்தா" என்றாள்.

அவள் தமிழ் அப்படி. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் யாரையும் மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மரியாதை நாய்க்குப் போய்விடுகிறது. எனக்கு, "தாத்தா தூங்குறான்".

என்னைத் தரையில் உட்கார வைத்து அவள் காட்டினாள். நல்ல காலை ஊன்றும்போது நாயின் தலை தாழும். வலிக்கிற கால் தரையில் படும்போது, பாரம் விழாமல் இருக்கத் தலையை மேலே தூக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சொல்வதற்கு ஆமாம் போடுவது போல இருக்கும். நான் எண்ணினேன். இருபது அடிக்கு ஒன்பது ஆமாம்.

அதற்காக அவள் போட்டியிலிருந்து விலகிக்கொண்டாள். வருடம் முழுக்கப் பழக்கிய நாய்! பிறகு ஓய்வு. தாவக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, கயிற்றில்தான் நடக்க வேண்டும், ஐஸ் ஒத்தடம், பிடித்துவிடுதல், கண்ணாடித் தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நடைப்பயிற்சி. அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்த அன்று, "ஒரு நாய் நொண்டுறதுக்கு வீட்ல அம்புட்டுப் பேரும் ஒப்பாரி வைக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். மகள், பேத்தி, மாப்பிள்ளை மூவரும் அன்று என்னோடு பேசவில்லை. நாய் மட்டும் வந்து காலடியில் படுத்தது. அதையும் ஜெனி கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

2

இந்தத் தை மாதம் ஜெனியும் நானும் திண்டுக்கல்லுக்குப் போயிருந்தோம். தங்கியது தாடிக்கொம்புக்குப் பக்கத்தில், என் தம்பி ஆரோக்கியத்தின் தோட்டத்து வீட்டில். ஆரோக்கியம் வெங்காயமும் தக்காளியும் போடுகிறவன். அவனுக்கு ஒரு சிப்பிப்பாறை நாய், பெயர் ஜூலி. வைக்கோல் நிறம், ஒட்டிய வயிறு, நீளக் கால். பொங்கலை ஒட்டி, அறுப்பு முடிந்த காடுகளில் நடக்கும் நாய்ப் பந்தயங்களில் ஓட விடுவான்.

நாங்கள் காரை விட்டு இறங்கியதும் ஜூலி வாசல் கேட்டு வரை வந்தது. ஜெனி பையைக்கூட எடுக்காமல் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சின்னத் தாத்தா, வலது முன்னங்கால் வலிக்குது. தலை ஆட்டுறாங்க."

ஆரோக்கியம் சுற்றும் முற்றும் பார்த்தான். "யாருத்தா ஆட்டுறாக?"

"ஜூலி."

"அடி ஆத்தே! நாய்க்கு இம்புட்டு மரியாதையா? அண்ணே, என்னையக்கூட இந்த வீட்ல யாரும் இப்படிச் சொன்னதில்லையே."

ஜூலியின் வலது முன்னங்காலில் மணிக்கட்டு வீங்கியிருந்தது. வரப்பில் தாவும்போது மடங்கிவிட்டதாம். உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பத்துப் போட்டிருந்தான். அது காய்ந்து ஓடு மாதிரி உரிந்துகொண்டிருந்தது.

"பந்தயத்துக்குள்ள பறந்துரும்" என்றான்.

"ஓடக் கூடாது. உள்ள கிழிஞ்சிடும். டாக்டர் பாக்கணும், கட்டுப் போடணும், ரெஸ்ட் வேணும்."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு மாசம்."

"மூணு மாசமா! ஏத்தா, உங்கம்மா ஒன்னையப் பெத்தப்பகூட எங்க மதினி நாப்பது நாள்தான் படுக்கப்போட்டுப் பாத்தா!" என்று சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, அங்கன நாய்க்கு ஏசி போட்டுக் காலு பிடிச்சு விடுறாகளாம்ல? உங்களுக்கு யாரு பிடிச்சு விடுறா?"

பெப்பரின் தொட்டியைப் பார்த்து நான் சொன்னதைத்தான் அவன் சொன்னான். அவன் வாயில் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். என் எரிச்சலை எடுத்து அவன் பேசினால் ஊரே சிரிக்கும். நான் பேசினால் ஒருவரும் சிரிப்பதில்லை.

அவன் பிடிவாதத்துக்குக் காரணம் கீரனூர் பழனிச்சாமி. போன தை மாதம் பழனிச்சாமியின் நாய் ஜூலியை முந்திவிட்டது. பரிசு ஒரு கோப்பையும் ஓர் ஆடும். அந்த ஆட்டுக்கு அவர் ஜூலி என்று பெயர் வைத்துவிட்டார். ஒட்டன்சத்திரம் சந்தையில் என் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம், நாலு பேர் நடுவில், "ஏனுங்க ஆரோக்கியம், ஜூலி நல்லா மேயுதுங்க" என்கிறாராம். தக்காளிப் பெட்டி தூக்குகிறவர்கள்கூட இப்போது ஜூலியை நலம் விசாரிக்கிறார்களாம். இந்த வருடம் அந்த வாயை அடைக்காவிட்டால் சந்தைப் பக்கமே போவதில்லை என்றான்.

சாயங்காலம் நான் முழங்கால் மாத்திரை போடும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, அதுல ஒண்ணு குடுங்க. பந்தயத்தன்னிக்குச் சோத்துல வச்சு ஊட்டிருவோம். வலி தெரியாம ஓடிரும்ல."

ஜெனி பாய்ந்து வந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். "இது நாய்க்கு விஷம்! வயித்துல புண்ணு வந்து ரத்தமா போகும். கிட்னி கெட்டுடும். வலி தெரியாம ஓடுனா இன்னும் மோசம், சின்னத் தாத்தா. வலிதான் நிறுத்துது."

"சரி சரி, விடுத்தா" என்று அவன் கையைத் தூக்கினான். "பந்தயக் களத்துல மாட்டு டாக்டர் இருப்பாரு. ஒவ்வொரு நாயையும் நடக்க விட்டுப் பாத்துத்தான் முதுகுல நீல மை வைப்பாரு. மை இல்லாத நாய் ஓட முடியாது. அவரு வேணாம்னா நான் கூட்டிட்டு வந்துர்றேன். மாதா சத்தியம்."

ஜெனி ஒத்துக்கொண்டாள். இங்கே அடிலெய்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு விதி இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். எனக்கு என் தம்பியைத் தெரியும். அன்றிலிருந்து மாத்திரை அட்டையைக் காலையும் மாலையும் எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

3

தொப்பம்பட்டிப் பக்கம் சோளம் அறுத்த காடு. மைக் செட், இரண்டு பந்தல், கரும்புச் சாறு வண்டி, நாற்பத்தோரு நாய். நாய்க்கு ஒரு பக்கெட் தண்ணீர்கூட எங்கும் வைக்கவில்லை. ஜெனி எங்கிருந்தோ ஒரு குடத்தைத் தூக்கி வந்து நிழலில் வைத்தாள். அறுத்த சோளத்தின் அடிக்கட்டையில் நாயின் பாதம் கிழியும் என்று முணுமுணுத்தபடி, பார்க்கிற நாய்க்கெல்லாம் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "யாருங்க அந்தப் புள்ள, கவருமெண்டு ஆளுங்களா?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

ஜூலியின் முறை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். ஆரோக்கியம் கயிற்றைத் தளர்வாகப் பிடித்தான். தலையை மேலே இழுத்துப் பிடித்தால் ஆட்டம் தெரியாது. அந்த வேலையை அவன் செய்வான் என்று நானும் ஜெனியும் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கயிறு தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கியது. ஜூலி போய்த் திரும்பி வந்தது. நான் எண்ணினேன். ஒரு தலையாட்டல்கூட இல்லை.

டாக்டர் முதுகில் நீல மை வைத்துவிட்டார்.

ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "தாத்தா, சரியாயிடுச்சு! அந்த உளுந்துப் பத்து வேலை செஞ்சிருக்கு!" நேராகத் தம்பியிடம் ஓடினாள். "ஸாரி, சின்னத் தாத்தா. எனக்கு அது எப்படிச் செய்யறதுன்னு சொல்லித் தாங்க. பெப்பருக்கும் போடணும்."

ஆரோக்கியம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்றேன், சொல்றேன்" என்று நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் புகழ்ச்சியை வாங்கிக்கொள்ளாமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

நான் மில் ஸ்டோரில் முப்பத்திரண்டு வருடம் தராசு பார்த்தவன். முள் நடுவில் நின்றால் சரக்கு சரியாக இருக்கிறது என்று புதிதாய் வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். இரண்டு தட்டும் காலியாக இருந்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். முந்தாநாள் வீங்கியிருந்த மணிக்கட்டு இன்றும் வீங்கித்தான் இருந்தது. தலை ஆடவில்லை. அடி மட்டும் குட்டையாக விழுந்தது, வெயிலில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடப்பது போல. ஒரு பக்கம் இல்லை. இரண்டு பக்கமும்.

"ஏலே ஆரோக்கியம், இடது காலைத் தூக்கு."

"எதுக்குண்ணே? நோவு வலதுலல்ல?"

"தூக்குடா."

"அட போங்கண்ணே, நேரமாச்சு" என்று நகர்ந்தான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சோளக்கட்டை குத்தக் குத்த என் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும் என்று தெரிந்தேதான் உட்கார்ந்தேன். ஜெனி வந்து ஜூலியின் தலையை அணைத்துப் பிடித்தாள். இடது பாதத்தின் சதைத் திண்டுகளை விரித்தேன். உள்ளே கறுப்பாக ஏதோ இருந்தது. மேலே கருவேலம் பிசின் பூசியிருந்ததால் திண்டோடு திண்டாகத் தெரிந்தது. நகத்தால் நெம்பினேன். ஜூலி கத்திக்கொண்டே என் கையைக் கவ்வியது, பல் பதியவில்லை. வெளியே வந்தது பாதியாக உடைத்த ஒரு புளியங்கொட்டை. உடைந்த விளிம்பு உள்பக்கம் பார்த்து இருந்தது.

நல்ல காலும் வலித்தால் எந்தக் காலுக்கும் பரிந்து தலை ஆடாது. நான் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் என் தம்பி அளவான கொட்டையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஓடுறப்ப எடுத்துருவேன்ல" என்றான், குரலைத் தாழ்த்தி. "டாக்டரு பாக்குற வரைக்குந்தான்ணே. மாட்டுச் சந்தையில செய்யாததா?"

"சின்னத் தாத்தா என்ன சொல்றாங்க?" என்று ஜெனி என்னைக் கேட்டாள். அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்திருந்தது. தனக்குத்தான் தமிழ் போதவில்லை என்று நான் சொல்ல மாட்டேனா என்று பார்த்தாள். 

"டாக்டர்!" என்று கத்தினேன்.

"அண்ணே, வேணாம். ஊரு பாக்குது. வீட்ல போயி என்னைய அடிங்க, இங்கன வேணாம்."

இன்னொரு முறை கத்தினேன். டாக்டர் வந்தார், கொட்டையை வாங்கிப் பார்த்தார், காது சிவந்தது. ஈரத் துணியால் நீல மையைத் துடைத்தார். மைக்கில் ஜூலியின் பெயரை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். காரணத்தையும் சொன்னார்கள். கூட்டம் ஒரு நிமிடம் சிரித்தது. பழனிச்சாமி மட்டும் சிரிக்காமல் வந்து நின்று, ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "ஏனுங்க ஆரோக்கியம், எங்கூட்டு ஜூலிக்கு நாலு காலும் நல்லா இருக்குதுங்க."

டாக்டர் பந்தலுக்குள்ளேயே கட்டையும் பஞ்சும் வைத்துக் கட்டுப் போட்டார். ஓடியிருந்தால் மிச்ச நாரும் அறுந்து, மணிக்கட்டே தரையில் படிகிற மாதிரி ஆகியிருக்கும், பிறகு ஓட்டம் என்ற பேச்சே இல்லை என்றார். ஜெனி கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் வந்தார்கள். அதில் என் தம்பி இல்லை.

 வீட்டுக் கேட்டில் இறங்கும்போது ஆரோக்கியம் சொன்னான்: "வெளிநாட்டுலருந்து வந்து என் கழுத்த அறுத்துட்டீக. இனி என் வாசப்படிய மிதிக்காதீக."

"மிதிக்க எனக்கு முட்டி இல்லடா" என்றேன். அதுதான் நான் அவனிடம் கடைசியாகப் பேசியது. அன்றே திண்டுக்கல்லில் லாட்ஜ் பார்த்துப் போய்விட்டோம்.

4

அடிலெய்டு விமான நிலையத்தில் கொடுக்கிற படிவத்தில் ஜெனி எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று டிக் போட்டாள். தோட்டத்துக்குப் போனீர்களா? ஆம். விலங்குகளைத் தொட்டீர்களா? ஆம். விதை வைத்திருக்கிறீர்களா? ஆம். வாயை மூடிக்கொண்டு 'இல்லை' போட்டிருந்தால் மற்றவர்களோடு வெளியே போயிருப்போம். எங்களைத் தனியாக ஒரு மேசைக்கு அனுப்பினார்கள். அவள் ஷூவில் சோளக்காட்டு மண் இருந்தது. அதை வாங்கிக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். இதுவரை என் ஷூவை இந்த நாட்டில் ஒருவரும் துடைத்துத் தந்ததில்லை.

பிறகு அவள் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய அந்தப் பாதிக் கொட்டையை எடுத்து வைத்தாள். அவள் அதைக் கொண்டுவந்தது எனக்கே தெரியாது. ஓர் அதிகாரி பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார், மூன்றாமவர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். இது என்ன, எதற்கு என்று கேட்டார்கள். ஜெனி முழுக் கதையையும் சொன்னாள், பத்து, நீல மை, ஆடு எல்லாவற்றையும். மூன்று பேரும் பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில், விதைக்கு அனுமதி இல்லை என்று ஒரு பைக்குள் போட்டு ஒட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள்.

ஜூலியை இங்கே கொண்டுவந்துவிடலாமா என்று அவள் ஒரு வாரம் விசாரித்தாள். இந்தியாவிலிருந்து நாய் நேராக இங்கே வர முடியாது. நடுவில் வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் குடியிருந்து, ஊசி போட்டு, ரத்தம் கொடுத்து, பிறகு இங்கேயும் கொஞ்ச நாள் அடைந்து கிடக்க வேண்டும். என் விசாவுக்கே அத்தனை காகிதம் ஆகவில்லை. அப்புறம் அவள் என்னிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்தாள். சின்னத் தாத்தாவை வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள்.

5

ஆறு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிறது. ஆரோக்கியம் போனை பம்ப்செட் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, ஜூலியைக் கயிற்றில் பிடித்து நடத்திக் காட்டுவான். அவன் திருந்திவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒழுங்காக ஓய்வு கொடுத்தால் வருகிற தைக்கு ஓடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பழனிச்சாமியின் ஆடு குட்டி போட்டுவிட்டது. இரண்டு குட்டிக்கும் என்ன பெயர் என்று நான் எழுதத் தேவையில்லை.

ஜெனி சொல்வதை அவன் செய்கிறான். முதலில் கட்டோடு வெறும் படுக்கை. அப்புறம் கயிற்றில் கொஞ்ச நடை. அப்புறம், இங்கே பெப்பர் கண்ணாடித் தொட்டியில் நடந்ததற்குப் பதிலாக, அங்கே பம்ப்செட் தொட்டியில் அவனும் இறங்கி, ஜூலியின் வயிற்றுக்கடியில் கை கொடுத்து நீந்த விடுகிறான்.

நான் போனில் தெரியாத மாதிரி மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். எண்ணுவது என் வேலை. ஜெனிக்கு ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு எண்ண வராது. அவளிடம் மட்டும் சொல்கிறேன், அவள் அவனிடம் சொல்கிறாள். கட்டுப் பிரித்த முதல் ஞாயிறு இருபது அடிக்குப் பதினொன்று. பிறகு ஒன்பது. ஏழு. ஒரு ஞாயிறு திடீரென்று பத்துக்கு ஏறியது. "அவுத்து விட்டீகளா?" என்று ஜெனி அதட்டினாள். ஆமாம், கீரியைப் பார்த்துப் பாய்ந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டான்.

ஆம், 'விட்டீகளா'. 'செத்த நேரம் நிப்பாட்டுங்க' என்கிறாள். 'இம்புட்டுப் போதும்' என்கிறாள். ஜூலி 'நடக்குறாங்க' போய், ஜூலி 'நடக்குறா' வந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்து ஏறாத தமிழ், புளியங்கொட்டை வைத்தவன் வாயிலிருந்து ஆறு மாதத்தில் ஏறிவிட்டது. இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இன்று ஞாயிறு. ஜூலி போய்த் திரும்பியது. இன்னொரு முறை போகச் சொன்னேன். ஒன்றுமில்லை.

"ஒண்ணுகூட இல்ல" என்றேன். ஜெனி குதிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இடது காலைத் தூக்கிக் காட்டச் சொல்லு."

அவள் சொன்னாள். 

"அந்தக் கிழவன் சொன்னானா?" என்றான் ஆரோக்கியம்.

 அவன் உட்கார்ந்து ஜூலியின் இடது பாதத்தைத் தூக்கி, கட்டைவிரலால் திண்டுகளை விரித்துப் போனுக்கு நேராகக் காட்டினான். சுத்தமாக இருந்தது. யாரும் கேட்காமலே வலதையும் காட்டினான். பின்னங்கால் இரண்டையும் காட்டினான். "ஆச்சா? வேற எதையும் அவுத்துக் காட்டணுமா?" என்று கேட்டுவிட்டு, தொட்டியைப் பிடித்து எழுந்து, கயிற்றோடு வீட்டைப் பார்த்து நடந்தான். போனை நிறுத்த மறந்துவிட்டான்.

ஜூலி நேராகப் போனது. பக்கத்தில் போகிறவன் தலை ஆடியது. இத்தனை ஞாயிறும் நாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் அதைப் பார்க்கவில்லை. வலது கால். எண்ணினேன். கேட்டு வரைக்கும் பதினான்கு.

"கூப்பிடு அவனை" என்றேன். ஜெனி, "சின்னத் தாத்தா!" என்று கத்தினாள். அவன் திரும்பினான்.

"என்னவாம்?"

"நாயை அங்கன கட்டிப்போட்டுட்டு, அவனை மட்டும் இங்கிட்டு நடந்து வரச் சொல்லு."